குளிர்க்குருதி: மலைப்பாம்பின் வெயிலும் ஒரு சொல்லின் வரலாறும்

போன மாரி முடிகிற காலத்தில் வன்னியில் ஒரு குளம் பார்க்கப் போயிருந்தோம். இரவு முழுக்க மழை. காலை எட்டரை மணிபோலத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. குளக்கட்டில் ஏறினால், உட்பக்கம் அலை அடிக்காமல் அடுக்கியிருந்த கல்லுகளின் மேலே ஒரு மலைப்பாம்பு நீட்டி நிமிர்ந்து கிடந்தது. பத்தடிக்குக் குறையாது.

கொஞ்ச நேரத்தில் சனம் சேர்ந்துவிட்டது. நாங்கள் போனை எடுத்தோம். இன்னும் இரண்டு பெடியள் தடி எடுத்தார்கள். "ஆட்டுக்குட்டியை விழுங்கினது இதுதான்" என்றார் ஒருவர். "சோம்பேறிப் பாம்பு, அடிச்சாலும் அசையாது" என்றார் இன்னொருவர். பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐயா ஒருவர்தான் வேறு மாதிரிக் கதைத்தார். "தம்பியவை, அது வெயில் காயுது. உடம்பு சூடேறினாப் பிறகு தன்பாட்டில போகும். விடுங்கோ."

அன்றைக்கு அந்தப் பாம்பு பிழைத்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் கிடந்துவிட்டு, ஐயா சொன்ன மாதிரியே மெல்ல மெல்ல நகர்ந்து பற்றைக்குள் போனது. திரும்பி வரும்போது எங்களுக்குள் ஒரு கேள்வி. பாடசாலையில் நாங்கள் எல்லோரும் பாடமாக்கின சொல் 'குளிர்க்குருதிப் பிராணி'. பாம்பு, பல்லி, தவளை எல்லாம் அந்தப் பெட்டிக்குள். சூழல் சூடானால் அதுவும் சூடு, சூழல் குளிர்ந்தால் அதுவும் குளிர். அவ்வளவுதான் என்று சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கினோம். அப்படியென்றால் குளிரான ஒரு பிராணி ஏன் வெயிலைத் தேடி வந்து அரை மணித்தியாலம் காத்துக் கிடக்கிறது? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனபோது, மலைப்பாம்பின் உடற்சூட்டைப் பற்றி மட்டும் ஏறத்தாழ 200 வருடச் சண்டை ஒன்று நடந்திருப்பது தெரியவந்தது.

பெயர் வைத்த புத்தகம்

எங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் இருக்கிற மலைப்பாம்புக்கு, வன்னியில் பழைய ஆட்கள் வெங்கிணாந்தி என்றும் சிங்களத்தில் பிம்புரா என்றும் சொல்கிற பாம்புக்கு, விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1758 இல். சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் தன்னுடைய 'சிஸ்டெமா நட்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் அதைக் 'கொலுபர் மொலூரஸ்' என்று பதிந்தார். மொலூரஸ் என்ற பின்பாதி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அதே நூலில் பாம்பு, பல்லி, தவளை, ஆமை எல்லாவற்றையும் அவர் ஒரே வகுப்பில் போட்டார். அந்த வகுப்புக்கு எழுதிய அறிமுகத்தில் அவை அருவருப்பானவை என்றார். அதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் முதலில் நிற்பது குளிர்ந்த உடம்பு. இங்கே நிதானிக்க வேண்டும். குளிர் என்பது அந்த இடத்தில் வெறும் அளவீடு இல்லை. குறைச்சல் சொல்கிற சொல்லும்கூட. சூடான பிராணிகள் மேலே, குளிரானவை கீழே. இந்தத் தட்டுமுறை லின்னேயஸுக்கு முந்தியது, அவருக்குப் பிறகும் நீண்ட நாள் இருந்தது. 1832 இல் பாரிசில் நடந்ததை விளங்க இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நம்பப்படாத பிரயாணி

அந்த வருடம் லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பிரயாணி, இந்தியப் பக்கம் அலைந்து திரும்பியவர், பாரிஸ் விஞ்ஞான அக்கடமிக்கு ஒரு செய்தி சொன்னார். இந்தியாவின் பெரிய மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, கோழியைப்போல அடைகாக்கிறது. அதுவும் வெறுங்காவல் இல்லை, தன் உடம்பால் முட்டைக்குச் சூடு கொடுக்கிறது.

அக்கடமி அதை ஏற்கவில்லை. குளிரான உடம்பு எப்படிச் சூடு கொடுக்கும்? அடைகாப்பது பறவையின் வேலை. ஒரு பாம்புக்கு அந்தத் தகுதியைக் கொடுப்பது அன்றைய விஞ்ஞானிகளுக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னவர் பெரிய பேராசிரியரும் இல்லை. எங்கோ தூர தேசத்தில் கண்டேன் என்கிற ஒரு பிரயாணியின் வாய்ச்சொல்லாகத்தான் அது அவர்களுக்குத் தெரிந்தது.

ஒன்பது வருடம் கழித்துப் பாம்பே சாட்சிக்கு வந்தது. 1841 மே மாதம், பாரிசின் ஜார்டான் டே பிளான்ட் தோட்டத்தில் கூட்டுக்குள் இருந்த ஒரு மலைப்பாம்பு 15 முட்டைகள் இட்டது. அது பர்மிய மலைப்பாம்பு, எங்களுடையதுக்கு மிக நெருங்கிய சொந்தம். 2009 வரைக்கும் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்களாகத்தான் வைத்திருந்தார்கள். முட்டையிட்ட தாய் அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகச் சுருண்டு கூம்புபோல் ஆனது. தலை உச்சியில். ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படியே.

அஷீல் வலான்சியன் என்ற விலங்கியலாளர் அந்தச் சுருளின் மடிப்புகளுக்குள் வெப்பமானியை வைத்து நாளுக்கு நாள் அளந்தார். சுற்றியிருந்த காற்றைவிடச் சுருளுக்குள் சூடு பல பாகை கூட. 8 குஞ்சுகள் உயிரோடு வெளியே வந்தன. லமார்-பிக்கோ சொன்னது சரி.

கூட்டுக்குள் நடந்த வழக்கு

இத்துடன் வழக்கு முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1862 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஓர் ஆபிரிக்க மலைப்பாம்பு முட்டையிட்டது. ஆண் பாம்பையும் பெண் பாம்பையும் பக்கத்தில் பக்கத்தில் அளந்து பார்த்த பிலிப் ஸ்கிளேட்டர், அடைகாக்கிற பெண்ணின் உடம்பு கூடச் சூடாக இருக்கிறது என்று எழுதினார். 1881 இல் அதே இலண்டனில் வில்லியம் ஃபோர்ப்ஸ் இந்திய மலைப்பாம்பு ஒன்றை அளந்தார். அவருக்குக் கிடைத்த வித்தியாசம் மிகச் சிறியது. தன் கட்டுரைத் தலைப்பிலேயே, கூடுவதாகச் 'சொல்லப்படுகிற' சூடு என்று சந்தேகத்தைப் பதிந்தார். 1932 இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் பெனடிக்ட் குழுவினர் அடைகாக்கும் மலைப்பாம்பு ஒன்றை மறுபடி அளந்தார்கள். சுற்றாடலைவிட ஒருசில பாகை கூட இருந்தது. ஆனால் அந்தச் சூடு எப்படி உண்டாகிறது என்பது அப்போதும் பிடிபடவில்லை.

ஏன் ஆளுக்கு ஆள் வேறு கணக்கு? கூடுகள் வேறு. கூட்டுக்குக் கொடுத்த செயற்கைச் சூடு வேறு. முக்கியமாக, பாம்புகளே வேறு. எல்லா மலைப்பாம்பும் ஒரே வழியில் சூடு தேடுவதில்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

விடை 1966 இல் நியூயோர்க்கில் கிடைத்தது. ஹட்சிசன், டவுலிங், வினிகர் என்ற மூவர், அடைகாக்கும் பர்மிய மலைப்பாம்பின் உடற்சூட்டையும் அது மூச்சில் செலவழிக்கிற ஒட்சிசனையும் ஒன்றாக அளந்தார்கள். சூழல் 33 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினதும் பாம்பின் தசைகள் விட்டுவிட்டு வெட்டி இழுக்கத் தொடங்கின. குளிர் கூடக்கூட ஒட்சிசன் செலவும் கூடியது, உடம்பும் சூழலைவிடச் சூடாக நின்றது. நாங்கள் குளிரில் நடுங்குகிறோமே, அதே வேலைதான். பாம்பு நடுங்கிச் சூடு உண்டாக்குகிறது. முட்டை இருக்கிற அந்த இரண்டு மாதத்துக்கு அது தன் சூட்டைத் தானே சமைக்கிற பிராணி.

1970 இல் அவர்கள் மற்ற மலைப்பாம்பு இனங்களையும் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆபிரிக்க மலைப்பாம்பு உட்பட வேறு சில இனங்களில் இந்த நடுக்கம் இல்லை. அப்படியென்றால் அவை என்ன செய்கின்றன? இந்தக் கேள்விக்குக் கூட்டுக்குள் பதில் கிடைக்காது. கூட்டுக்குள் வெயில் இல்லை.

பாம்பைத் தொடர்ந்து காட்டுக்கு

வெயிலை விஞ்ஞானத்துக்குள் கொண்டு வந்தது பாம்பு இல்லை, பல்லி. 1944 இல் ரேமண்ட் கவுல்ஸ், சார்ள்ஸ் போகர்ட் என்ற இருவர் அமெரிக்கப் பாலைவனத்து ஊர்வனவற்றைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல்லிகளும் பாம்புகளும் சூழலின் சூட்டைச் சும்மா வாங்கிக்கொண்டு கிடப்பதில்லை. வெயிலுக்கு வருவது, நிழலுக்குப் போவது, உடம்பைத் திருப்பிப் பிடிப்பது, மண்ணுக்குள் இறங்குவது, இப்படி நடமாட்டத்தாலேயே தமக்கு வேண்டிய சூட்டை நெருக்கமான ஓர் எல்லைக்குள் வைத்திருக்கின்றன. நல்ல வெயில் நாளில் சுறுசுறுப்பாக ஓடுகிற ஒரு பாலைவனப் பல்லியின் குருதி எங்களுடைய குருதியைவிடச் சூடாக இருக்கலாம். குளிர்க்குருதி என்ற சொல்லுக்கு அன்றைக்கே பிரியாவிடை கொடுத்திருக்க வேண்டும். எங்கள் கொப்பிகளில் அது இன்னும் இருக்கிறது.

மலைப்பாம்புக்கு இதைச் செய்து பார்க்க ரேடியோ தேவைப்பட்டது. டேவிட் ஸ்லிப், ரிச்சர்ட் ஷைன் என்ற இருவர், அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பக்கத்துக் காடுகளில் வைர மலைப்பாம்புகளின் உடம்புக்குள் சிறு ரேடியோக் கருவிகளை வைத்துத் தைத்து, திரும்பக் காட்டில் விட்டார்கள். கருவி, பாம்பு நிற்கிற இடத்தையும் சொல்லும், அதன் உடற்சூட்டையும் சொல்லும். 1988 இல் வந்த அவர்களது கட்டுரைகளில் காட்டு மலைப்பாம்பின் நாள் முதல்முறையாக விரிவாகத் தெரிந்தது. காலையில் வெயிலுக்கு வந்து சூடேறும். பிறகு இறுக்கமாகச் சுருண்டு அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அடைகாக்கிற தாய்கள் நடுங்கியும் சூடு உண்டாக்கின, இடைக்கிடை வெயிலில் காய்ந்தும் சூடு கொண்டு வந்தன. இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 31 பாகையைக் காப்பாற்றின.

இதில் இருக்கிற கணக்கு எளிது. நீட்டிக் கிடக்கிற உடம்புக்கு வெயில் படுகிற பரப்புக் கூட, கீழே இருக்கிற கல்லின் சூடும் வயிற்றால் ஏறும். சுருண்ட உடம்புக்கு வெளிப்பரப்புக் குறைவு, அதனால் சூடு மெல்லத்தான் வெளியேறும். நீட்டினால் வரவு, சுருண்டால் சேமிப்பு. தடித்த உடம்பு என்பதால் சூடேற நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். ஓணான் கொஞ்ச நேரத்தில் வெயில் காய்ந்துவிட்டு ஓடும். பத்தடிப் பாம்புக்கு அது காணாது.

குளக்கட்டில் நாங்கள் கண்டதும் இதுதான். மழை இரவில் குளிர்ந்த தசை விரைவாக வேலை செய்யாது. அந்தப் பாம்பு ஓடாமல் கிடந்தது சோம்பலாலும் இல்லை, துணிவாலும் இல்லை. அதற்கு இன்னும் சூடு ஏறவில்லை. இரையெடுத்த பாம்பென்றால் தேவை இன்னும் கூட. சூடு போதாவிட்டால் வயிற்றுக்குள் இருக்கிற இரை செமிக்காது. ஒன்றில் கக்க வேண்டிவரும், இல்லையென்றால் உள்ளேயே அழுகும்.

பரத்பூரும் புளோரிடாவும்

எங்களுடைய அதே இனப் பாம்பைப் பற்றிய நல்ல களவேலை வட இந்தியாவில் நடந்தது. இராஜஸ்தானில் பரத்பூருக்குப் பக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா. பறவைகளுக்குப் பேர்போன இடம், 1985 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே குளிர்காலத்து இரவு எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத குளிர். எஸ். பூபதி, வி. எஸ். விஜயன் இருவரும் 1989 இல் அங்குள்ள மலைப்பாம்புகளைப் பற்றி எழுதினார்கள். 2010 இல் சி. இரமேஷ் என்பவருடன் சேர்ந்து பூபதி அவற்றின் இனப்பெருக்கத்தைப் பற்றியும் எழுதினார். அந்தப் பாம்புகள் முள்ளம்பன்றி தோண்டின வளைகளில் தங்குகின்றன. பல நேரம் முள்ளம்பன்றியும் அதே வளைக்குள் இருக்கும். குளிர்காலத்தில் வெயில் ஏறினதும் வளை வாயில் வந்து காய்ந்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விடும். மண்ணுக்கடியில் இருக்கிற வளை இரவுக் குளிரை உள்ளே விடாது. வெயிலும் வளையும் சேர்ந்துதான் அந்தப் பாம்பின் அடுப்பு.

பூபதி பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் உள்ள சலீம் அலி மையத்தில் வேலை பார்த்தார். 2014 இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் களவேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்தார். பிறகு கண்டுபிடித்த ஒரு தவளைக்கும் ஒரு பாம்புக்கும் அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள்.

வளையும் வெயிலும் சரியாக ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2010 ஜனவரியில் அமெரிக்காவின் தென் புளோரிடா காட்டியது. வளர்ப்புக்கென்று கொண்டு போன பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் அங்கே காட்டில் பெருகியிருந்தன. அந்த மாதம் வழமைக்கு மாறான கடுங்குளிர். ரேடியோ பூட்டிய 10 பாம்புகளில் 9 செத்தன. அதே குளிர்காலத்தில் வடக்கே தென் கரோலினாவில் வேலி அடைத்த இடத்தில் விட்டுப் பார்த்த 10 பாம்புகளும் செத்தன. அவற்றில் சில, குளிர் நாளில் நிலத்தடியில் ஒதுங்கி இருக்காமல் வெளியே நின்று குளிரில் அகப்பட்டவை. வெப்ப நாட்டுப் பாம்புக்குக் குளிர்ந்தால் வெயிலுக்கு வா என்பது பழக்கம். சூடே இல்லாத வெயிலை அது எங்கே கண்டது? வெயில் காய்வது என்பது எப்போது வெளியே வருவது, எப்போது உள்ளே போவது என்ற தீர்மானம். தவறினால் உயிர் போகும்.

கறுத்துப்போன தாய்

ஆபிரிக்க மலைப்பாம்பு நடுங்காமல் எப்படி அடைகாக்கிறது என்ற பழைய கேள்விக்குத் தென்னாபிரிக்காவில் கிரகம் அலெக்சாண்டர் 2018 இல் பதில் சொன்னார். பிரிட்டோரியாவுக்கு வடக்கே டினோகெங் சரணாலயத்தில் ஏழு வருடம் 37 பாம்புகளை ரேடியோவால் தொடர்ந்தார். 8 பெண் பாம்புகள் முட்டையிட்ட வளைகளுக்குள் அகச்சிவப்புக் கமெரா வைத்துப் பார்த்தார்.

அந்தத் தாய்கள் அடைகாக்கும் காலத்தில் நிறம் கறுத்துவிடுகின்றன. கறுப்பு வெயிலை நன்றாக உறிஞ்சும். வளை வாயில் வந்து, உடம்பு 40 பாகையை நெருங்கும்வரை வெயிலில் கிடக்கின்றன. இன்னும் ஒருசில பாகை ஏறினால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சூட்டோடு உள்ளே போய் முட்டைகளைச் சுற்றிக்கொள்கின்றன. குஞ்சு பொரித்த பிறகும் ஏறத்தாழ இரண்டு கிழமை அங்கேயே நிற்கின்றன. குஞ்சுகள் பகலில் வளை வாயில் வெயில் காய்ந்துவிட்டு இரவில் தாயின் சுருளுக்குள் போய்ப் படுக்கின்றன. இந்தக் காலம் முழுக்க, ஆறு மாதத்துக்கு மேல், தாய் சாப்பிடுவதில்லை. உடம்பு நிறையில் ஏறத்தாழ 40 வீதம் போய்விடுகிறது. திரும்பத் தேறி அடுத்த முட்டை இட இரண்டு மூன்று வருடம் எடுக்கும்.

1832 இல் அக்கடமி நம்ப மறுத்தது, பாம்பு முட்டைக்குச் சூடு கொடுக்கும் என்பதை. 2018 இல் தெரிய வந்தது, ஒரு பாம்பு வெயிலைத் தன் உடம்பில் ஏற்றி மண்ணுக்கடியில் சுமந்து போகிறது என்பது.

திரும்பவும் குளக்கட்டு

ஆடு போனவரின் கோபம் பொய்யில்லை. மாரியில் ஒரு குட்டி போவது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய நட்டம் என்று எங்களுக்குத் தெரியும். மலைப்பாம்பைக் கும்பிடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. ஆனால் வெயிலில் கிடக்கிற பாம்பை அடிப்பது என்றால் என்ன என்பது இப்போது தெரியும். அது ஓட முடியாத நேரம் பார்த்து அடிப்பது. சூடேற வேண்டியிருப்பதால்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. மற்ற நேரம் முழுக்க ஒதுங்கித்தான் இருக்கிறது. வளை வாயில் கிடப்பது ஒரு தாயாக இருந்தால், அங்கே சாவது ஒரு பாம்பு மட்டுமில்லை. உள்ளே இருக்கிற முட்டைகளின் சூடும் அத்தோடு போய்விடும்.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குத் தடி எடுத்தவர்களை மறித்தது நாங்கள் இல்லை. நாங்கள் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றோம். விஞ்ஞானம் படித்த எங்களிடம் இருந்தது குளிர்க்குருதி என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்து அந்தப் பாம்பைக் காப்பாற்ற முடியாது. ஏனென்றால் அது ஏன் அங்கே கிடக்கிறது என்று அந்தச் சொல் சொல்லாது. ஐயாவிடம் இருந்தது 'வெயில் காயுது' என்ற இரண்டு சொல். சனம் தடியைக் கீழே போட்டது அதைக் கேட்டுத்தான்.

அடுத்த முறை மழைக்குப் பிறகு வருகிற வெயிலில், கட்டிலோ கல்லிலோ ஒன்று நீட்டிக் கிடந்தால், பத்தடி தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்களிடம் அது வெயில் காய்கிறது என்று சொல்லுங்கள். அரை மணித்தியாலம், கூடிப்போனால் ஒரு மணித்தியாலம். வீட்டு வளவுக்குள் வந்து போகாமல் கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மற்றபடி, சூடேறினதும் அது தன்பாட்டில் போகும்.